ஒடுங்கும் கடைசல் காலில் புடைவரி, குழிவரி: ஒரே ஜிக் போதுமா?

கேள்வி (2024 ஜூன் 9)

தேக்கு மேசைக்கு நான்கு கால் கடைந்து வைத்திருக்கிறேன். மேலே 44 மி.மீ. விட்டம், கணுக்கால் பக்கம் 25 மி.மீ. ஷெரட்டன் பாணியில் (பழைய ஆங்கிலேய மரச்சாமான் பாணி) காலுக்கு 12 புடைவரி (நீளவாக்கில் புடைத்து நிற்கும் வரி) போட ஆசை. ரவுட்டருக்கு (சுழலும் பிட்டால் பள்ளம் வெட்டும் மின்கருவி) காலைப் பிடித்து நேராக ஓட்டவைக்கும் பெட்டி ஜிக் செய்து, புடைவரி வெட்டும் ரீடிங் பிட் மாட்டி ஒரு கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்தேன். மேலே வரி நன்றாக வந்தது. கீழே போகப் போகத் தலை கூம்பிவிட்டது. சின்ன பிட் போட்டால் கீழே சரியாக வருகிறது, மேலே தலை தட்டையாக நிற்கிறது. புடைவரியைத் திருப்பிப் போட்டால் குழிவரி (உள்ளே குழிந்த வரி), இரண்டுக்கும் ஒரே ஜிக் போதும் என்று ஒருவர் சொன்னார். அப்படியென்றால் என் ஜிக்கில் என்ன கோளாறு அண்ணே?

2024 ஜூன் 9, இரவு

ஜிக்கில் கோளாறு இல்லை தம்பி. கணக்குதான் இடிக்கிறது.

44 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 138 மி.மீ. 12 வரிக்குப் பங்கு போட்டால் வரிக்கு 11.5. கணுக்காலில் 25 மி.மீ., சுற்றளவு 78.5, வரிக்கு 6.5. மேலும் கீழும் வரிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு வரியும் கீழே வருவதற்குள் ஏறக்குறைய பாதியாக ஒடுங்கியாக வேண்டும். பிட்டின் வளைவு ஒடுங்காது, அது எங்கே போனாலும் அதே வளைவுதான்.

வரிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பள்ளம். பெரிய வளைவுள்ள பிட் கீழே வரும்போது இந்தப் பக்கத்து வெட்டும் அந்தப் பக்கத்து வெட்டும் வரியின் தலைக்கு மேலேயே சந்தித்துவிடுகின்றன. தலை போய்விடுகிறது, மிஞ்சுவது கூர்மேடு. சின்ன வளைவு மேலே தலையை எட்டுவதே இல்லை, அதனால் கடைந்த பரப்பு அப்படியே தட்டையாக நிற்கிறது. நடுத்தரமாக ஒரு பிட் வாங்கினால் இரண்டு குறையும் பாதிப் பாதி வரும். இதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம்.

2024 ஜூன் 10, காலை

"திருப்பிப் போட்டால் இன்னொன்று" என்ற பேச்சுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் மரத்தைப் பாழாக்குகிறார்கள்.

குழிவரியில் இரண்டு குழிக்கு நடுவே ஒரு இடைப்பட்டை இருக்கும். ரவுட்டர் குழியை ஒரே அகலத்தில் ஓட்டினாலும் அந்தப் பட்டை ஒடுங்கிக் கணக்கைச் சமாளித்துவிடும். 5 மி.மீ. குழி போட்டால் உங்கள் காலில் மேலே பட்டை 6.5, கீழே 1.5. கீழே கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். புடைவரியில் அப்படி விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. வரி முடியும் இடத்தில் பள்ளம், பள்ளம் முடியும் இடத்தில் அடுத்த வரி. நாணல் தண்டுகளை நெருக்கிக் கட்டியது போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுதான் அதன் அழகே. எங்கே அளவு தவறினாலும் வரியின் உருவத்திலேயே தெரிந்துவிடும்.

ஒடுங்காத நேர் உருளைக் காலாக இருந்தால் உங்கள் நண்பர் சொன்னது சரி. அதற்கு ஒரே ஜிக் போதும், பிட்டை மட்டும் மாற்றினால் ஆயிற்று.

2024 ஜூன் 10, மாலை

12 வைத்தது நல்ல தேர்வு. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், யாராவது 10 அல்லது 14 என்று ஆரம்பிப்பதற்குள்.

மேசைக் காலின் தலையில் சதுரக் கட்டை இருக்கும், பக்கச் சட்டங்கள் அதில்தான் கழுந்து போட்டு இறங்கும். சதுரத்தின் முன்முகத்து நடுக்கோடு நேராகக் கீழே இறங்கி வரிகள் மேல் விழும். அங்கே ஒரு வரியின் முகடு வர வேண்டும், அல்லது பள்ளம் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுந்தால் கால் லேசாகத் திரும்பி நிற்கிற உணர்வு வரும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் படும். எண்ணிக்கை 4 ஆல் வகுபட்டால் நான்கு முகத்திலும் ஒரே மாதிரி விழும். 14 வரி போட்டால் முன்னால் முகடு, பக்கத்தில் பள்ளம். 8 அகலமாகிவிடும். 16 போட்டால் கணுக்காலில் வரிக்கு 5 மி.மீ.கூட வராது, தேக்கில் அதைக் கையால் உருட்டுவது பெரும் பாடு.

நான் எப்போதும் முன்முகத்து நடுவில் முகடு வைப்பேன். வெளிச்சம் அதில் விழும்.

2024 ஜூன் 11

கோடு போடும் வேலை. பாதி நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

காலை லேத்திலிருந்து கழற்றியிருந்தால் அதே மையக் குழிகளில், அதே பக்கம் பார்க்க மாட்டுங்கள். மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, கை நாள் முழுக்க அங்கேதான் இருக்கப் போகிறது.

லேத்தில் இண்டெக்ஸ் துளைகள் (சம பாகமாகத் திருப்பி நிறுத்த உதவும் துளைகள்) இருந்தால் வேலை சுலபம். 24 துளை இருந்தால் ஒன்று விட்டு ஒன்று. நம் ஊர்ப் பட்டறைகளில் கட்டிய லேத்தில் அது இருக்காது. ப்ளைவுட்டில் ஒரு வட்டம் வரைந்து, கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் சுற்றிலும் நடத்துங்கள், ஆறு பாகம் சரியாக விழும். ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் 12. கோட்டு வேலைக்கு 24 ஆக்கிக்கொள்ளுங்கள், முகடும் பள்ளமும் மாறி மாறி வரும். அந்த வட்டை லேத்தின் தலைப்பக்கம் மாட்டி, ஒரு தகட்டு முள்ளால் நிறுத்தினால் அதுவே இண்டெக்ஸ்.

அடுத்தது பென்சில். உளி தாங்கும் கட்டையின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்கவைத்தால் அதன் முனை லேத்தின் மையப் புள்ளிக்குச் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் தலையிலிருந்து கணுக்கால் வரை இழுக்கும் கோடு அச்சோடு ஒத்துப் போகும். முனை 1 மி.மீ. மேலே ஏறியிருந்தாலும் கோடு கீழே போகப் போகக் காலைச் சுற்றத் தொடங்கும், ஏனென்றால் மெலிந்த இடத்தில் அதே 1 மி.மீ. பெரிய கோணம்.

24 கோடும் போட்ட பிறகு கவராயத்தின் இரண்டு முனையையும் கீழ்ப்பக்கத்து 6.5க்கு வைத்துச் சுற்றி நடத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் 12 எட்டில் தொடங்கிய இடத்துக்கே வரும்.

2024 ஜூன் 13

வெட்டும் வேலை. இதை நீளமாகச் சொல்கிறேன்.

ஆயுதம் மூன்று. 60 டிகிரி வி உளி, சின்ன அளவு. கிட்டத்தட்ட தட்டையான நக உளி (நகம் போல வளைந்த வாயுள்ள உளி) ஒன்று. கடைசிச் சீவலுக்கு நீங்களே அரத்தால் வடிவம் எடுத்த எஃகுத் தகடு, அதைப் பற்றி நாளை சொல்கிறேன்.

முதல் ஓட்டம் பள்ளக்கோட்டில், வி உளியால், ஆழமே இல்லாமல். பென்சில் கோடு போய் அதே இடத்தில் வெட்டுக்கோடு வர வேண்டும், அவ்வளவுதான். எப்போதும் பருத்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கம். மர நார் அச்சுக்கு இணையாக ஓடுகிறது, கால் ஒடுங்குகிறது. அதனால் மேலிருந்து கீழே வெட்டும்போது உளி நாரை விட்டு வெளியே வரும். கீழிருந்து மேலே போனால் நாருக்குள் புகுந்து பிளக்கும்.

12 பள்ளத்தையும் ஒரு சுற்று முடித்த பிறகுதான் இரண்டாவது ஓட்டம். ஒரு வரியை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் ஆசை வரும், போகாதீர்கள். எல்லா வரியும் ஒரே நேரத்தில் உருவாக வேண்டும். அப்போதுதான் ஒன்று அகலமாகப் போகிறது என்று தெரிந்தால் பக்கத்துப் பள்ளத்தைச் சற்று நகர்த்தித் திருத்த இடம் இருக்கும்.

ஆழம் மேலே 3 மி.மீ., கீழே 1.7 போல. அகலத்தில் கால் பாகத்துக்குச் சற்று மேல். அரைவட்டமாக முழு ஆழம் போக வேண்டியதில்லை. பழைய கால்களில் வரி தட்டையான வில்லாகத்தான் இருக்கும், வி பள்ளத்தின் நிழல்தான் அதைப் புடைப்பாகக் காட்டும்.

பிறகு நக உளியைக் கவிழ்த்துப் பிடித்து வரியின் தோளை உருட்டுங்கள். நடுக்கோட்டுப் பென்சில் அடையாளம் கடைசி வரை அழியக் கூடாது. அது இருக்கும் வரை முகடு நீங்கள் கடைந்த விட்டத்திலேயே இருக்கிறது என்று பொருள். தோளை மூன்று சாய்வாக எடுங்கள்: முதலில் பள்ளத்தின் ஓரத்துக் கூர்மையை மட்டும், அடுத்து பாதி வரை, கடைசியில் முகட்டுக்கு மிக அருகே மெல்லிய சீவல். தேக்குச் சீவல் இந்த மூன்றாவது ஓட்டத்தில் பொடியாக உதிராமல் நீளமாகச் சுருண்டு வந்தால் உளி கூர்மை, போகும் திசை சரி. உதிர்ந்தால் நிறுத்தித் தோல் பட்டையில் உளியைத் தேய்த்துவிட்டு வாருங்கள். தேக்கில் மணல்சத்து உண்டு, மற்ற பல மரங்களைவிட வேகமாக முனையைத் தின்னும்.

2024 ஜூன் 13, பிற்பகல்

ஒன்று விட்டுவிட்டேன். பருத்ததிலிருந்து மெலிந்தது என்ற விதி நார் நேராக ஓடும் மரத்துக்கு. பலகையில் நார் சாய்ந்து ஓடினால் காலின் ஒரு முகத்தில் விதி பொருந்தும், எதிர் முகத்தில் தலைகீழாகும். பக்க முகங்களில் இன்னும் சங்கடம்: வி உளியின் ஒரு விளிம்பு சுத்தமாக வெட்டும், மறு விளிம்பு பிய்க்கும். அங்கே வி உளியை விட்டுவிட்டுப் பள்ளத்தின் இரண்டு சாய்வையும் தனித்தனியாகச் சின்ன உளியால், அதனதன் திசையில் எடுக்க வேண்டும். இதனால்தான் வரி போடும் காலுக்கு மரம் எடுக்கும்போது நான் நிறத்தைவிட நாரைப் பார்க்கிறேன்.

2024 ஜூன் 14

சுரண்டு தகடு. ஆங்கிலேயத் தச்சர்கள் ஸ்கிராட்ச் ஸ்டாக் என்பார்கள்.

பழைய ஆக்ஸா பிளேடோ வாள் தகடோ போதும். சிறு துண்டாக ஒடித்து, வட்ட அரத்தாலும் முக்கோண அரத்தாலும் வடிவம் எடுங்கள். நடுவில் ஒரு கூர், இரண்டு பக்கமும் பாதிப் பாதி வரியின் வளைவு. கவனியுங்கள், தகடு வரியின் உருவம் இல்லை, பள்ளத்தின் உருவம். விளிம்பைச் சாய்க்காமல் நேர்ச் செங்கோணத்தில் விடுங்கள், அப்போதுதான் தள்ளினாலும் இழுத்தாலும் சுரண்டும். எல் வடிவக் கட்டையை நீளவாக்கில் பிளந்து நடுவில் தகட்டைக் கவ்வி இரண்டு திருகு போடுங்கள்.

நேர் உருளைக் காலுக்கு ஒரு தகடு. உங்கள் காலுக்கு மூன்று: மேல் பாகத்துக்கு 11 மி.மீ. போல, நடுவுக்கு 9, கீழே 7. ஒன்றின் எல்லை அடுத்ததில் கொஞ்சம் ஏறி ஓட வேண்டும். உளியால் முக்கால்வாசி உருவம் வந்த பிறகுதான் தகடு. முதலிலிருந்தே தகட்டால் சுரண்டினால் நார் கிளம்பும், நேரமும் போகும்.

2024 ஜூன் 16

"ஷெரட்டன் எப்படிச் செய்தார்" என்று கேட்டிருக்கிறீர்கள். தாமஸ் ஷெரட்டன் (1751–1806) வரைந்து பதிப்பித்த வடிவங்கள்தான் பரவின. அவர் கையால் செய்தது என்று உறுதியாகக் காட்ட ஒரு நாற்காலிகூட இல்லை. அவர் வடிவங்களை மரத்தில் எடுத்தவர்கள் பெயர் தெரியாத எத்தனையோ பட்டறைக்காரர்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் டங்கன் ஃபைஃப் (இறந்தது 1854) இந்த வரிக்கால்களுக்குப் பேர்போனவர், ஸ்காட்லாந்தில் பிறந்து இளவயதில் போனவர். அவர் பட்டறைச் சாமான்களின் படங்கள் அருங்காட்சியகங்களின் இணையத்தில் பெரிய அளவில் கிடைக்கின்றன. கணுக்காலைப் பெரிதாக்கிப் பாருங்கள். வரி ஒடுங்கும்போது அதன் வில் வடிவம் மாறாமல் இருப்பதைக் கவனியுங்கள். அதைத்தான் பிட்டால் எடுக்க முடியாது.

குழிவரிக் கால் பிரான்சில் பதினாறாம் லூயி காலத்துச் சாமான்களின் அடையாளம். கடைந்து ஒடுக்கிய காலில் குழிகள், பல கால்களில் குழியின் கீழ்ப்பாகத்தை உருண்டைக் குச்சி செருகியதைப் போன்ற வேலையால் நிரப்பியிருப்பார்கள். அது அழகுக்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். உதை வாங்கும் இடம் அதுதான், நிரப்பிய குழியின் ஓரம் எளிதில் தெறிக்காது.

கல் தூண்களிலிருந்து வந்த வேலை இது. கிரேக்க டோரிக் தூணில் வழக்கமாக 20 குழி, இரண்டு குழி சந்திக்கும் இடம் கூர் விளிம்பு. அயோனிக்கில் 24, நடுவே பட்டை உண்டு. மரக்காலுக்கு அயோனிக் வழிதான் ஏற்றது. மரத்தில் டோரிக் விளிம்பு ஒரு வருடம்கூட முழுசாக இருக்காது.

2024 ஜூன் 17

ரவுட்டரை ஒரேயடியாகத் தள்ளுகிறேனா என்று இன்னொருவர் கேட்டார். இரவெல்லாம் யோசித்தேன். இல்லை, அதற்கு ஒரு இடம் இருக்கிறது.

ரீடிங் பிட்டைக் கழற்றிவிட்டு 60 டிகிரி வி பிட் மாட்டுங்கள். பள்ளக்கோட்டில் அரை ஆழம் மட்டும் ஓட்டுங்கள். வி பள்ளத்துக்கு வளைவு கிடையாது, அதனால் அகலக் கணக்கு அதைத் தொடாது. கீழே ஆழம் குறைய வேண்டும் என்பதற்காகப் பெட்டி ஜிக்கின் தண்டவாளத்தைக் கணுக்கால் பக்கம் 1 மி.மீ. உயர்த்திக்கொள்ளலாம். 48 பள்ளமும் நேராக, ஒரே மாதிரி கிடைக்கும். கோடு போடுவதில் கை நடுங்குபவர்களுக்கு இது பெரிய உதவி. அப்புறம் தோள் உருட்டுவது கையால்தான். அதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை, தேடவும் விருப்பமில்லை.

இண்டெக்ஸ் முள்ளை மட்டும் நம்பி ரவுட்டரை இறக்க வேண்டாம். காலுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மர ஆப்பு இறுக்குங்கள்.

2024 ஜூன் 18

அதே தண்டவாளம் தூக்கும் வேலை குழிவரிக்கு எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டேன், சுவையாக வந்தது.

உருண்டை முனை பிட், ஆரம் 4 மி.மீ. 3 மி.மீ. ஆழம் இறக்கினால் குழியின் வாய் 7.7 மி.மீ. அகலம். 1 மி.மீ. மட்டும் இறக்கினால் 5.3. ஆழம் குறையக் குறைய அகலமும் தானாக ஒடுங்குகிறது! உங்கள் காலில் மேலே 7.7 குழி, 3.8 பட்டை. கீழே 5.3 குழி, 1.2 பட்டை. காலின் பரப்பு வளைந்திருப்பதால் வாய் இதைவிடக் கொஞ்சம் குறுகும், பட்டைக்கு அதனால் லாபம்.

மேலுள்ள அதே விகிதம் கீழேயும் வேண்டும் என்றால் ஆழத்தை 0.65 வரை குறைக்க வேண்டும். பாலிஷ் ஏறினால் அந்தக் குழியில் நிழலே விழாது. ஆகவே 1 மி.மீ. தான் என் எல்லை.

2024 ஜூன் 20

நீங்கள் அனுப்பிய காலின் படம் பார்த்தேன். பள்ளங்கள் அருமை. வரியின் மேல் நுனிதான் திடீரென்று நிற்கிறது.

வளையத்துக்குக் கீழே வரி தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு தலையும் உருண்டு முடிய வேண்டும். வரியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் வளைவுள்ள நக உளியை எடுங்கள். செங்குத்தாக நிறுத்திக் கொட்டாப்புளியால் ஒரே தட்டு, தலையின் வில் பதியும். பிறகு வளையத்தின் பக்கமிருந்து அந்த வில்லை நோக்கிச் சின்ன முக்கோணச் சில்லுகளை எடுங்கள், இரண்டு தலைக்கு நடுவே ஒரு சில்லு. மொத்தம் 12 சில்லு. கடைசியில் உளியைக் கவிழ்த்துத் தலையின் மேல் விளிம்பை லேசாகத் தணியுங்கள்.

மீதி மூன்று காலையும் இன்னும் கடைசிச் சுற்று முடிக்கவில்லை என்றால் இதைச் செய்யுங்கள்: வரிப் பகுதியின் விட்டம் அதன் மேலுள்ள கழுத்தைவிட இரண்டு பள்ள ஆழம், அதாவது 6 மி.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் பள்ளம் கழுத்துக்குள் போய் வெட்டும், வரி முடிவு எப்படிச் செய்தாலும் சுத்தமாக வராது.

இன்னொன்று. வரியைத் தரை வரை கொண்டுபோக வேண்டாம். நம் வீடுகளில் தினமும் ஈரத் துணியால் தரை துடைக்கிறோம். பள்ளத்தில் தண்ணீர் தங்கினால் நுனி கறுத்து நார் பிரியும். கீழே 60 மி.மீ. போல வெறும் கடைசலாக விடுங்கள்.

2024 ஜூன் 23

கடைசல்காரரிடம் கொடுத்தாலே செய்துவிடுவாரே என்று கேட்டவருக்கு: அம்பாசமுத்திரம் பக்கம் மரச்செப்பு கடைபவர்களின் கையைப் பார்த்திருக்கிறேன், ஓடும் லேத்தில் அவர்கள் போடும் வளையத்தின் சுத்தத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் லேத் தரும் கோடு சுற்றுக்கோடு. நீளக்கோடு வேண்டுமென்றால் லேத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் அது செதுக்கு வேலை. அந்தக் காலத்துப் பெரிய நகரங்களில் கடைபவர் தனி, செதுக்குபவர் தனி. ஒருவரிடமே இரண்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. செதுக்கத் தெரிந்தவரைத் தனியாகப் பிடித்து, இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

2024 ஜூன் 24

மரம். மேற்கத்தியர்களுக்கு அன்று கியூபா மகோகனி கிடைத்தது, அடர்த்தியான நார், விளிம்பு கூர்மையாக நிற்கும். இன்று நம் மரக்கடைகளில் மகோகனி என்று வருவது பெரும்பாலும் பெரிய இலை வகை. அதில் பல பலகைகளில் நார் பட்டை பட்டையாக மாறி மாறிச் சாய்ந்திருக்கும், வரி போட்டால் ஒரே பள்ளத்தில் இரண்டு இடத்தில் பிய்க்கும். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய பர்மா தேக்கு உத்தரம் கிடைத்தால் விடாதீர்கள். நேர் நார், நன்றாகக் காய்ந்தது. கடையும் முன் காந்தத்தால் தடவிப் பாருங்கள், உள்ளே உடைந்த ஆணி இருக்கும்.

ஈட்டி மரம் இன்னும் அழகு. விலைக்கும் கிடைப்பதற்கும் தகுந்தாற்போல் முடிவு செய்யுங்கள்.

2024 ஜூன் 29

கடைசிக் கேள்விக்கு, பாலிஷ். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் முகடு தட்டையாகும், பள்ளத்தின் கூர்மை மழுங்கும், இத்தனை நாள் வெட்டியது போய்விடும். ஒரு சிறு கட்டையில் வரியின் வில்லைக் குழிவாக எடுத்து, அதில் 240 நம்பர் தாளை ஒட்டி, நீளவாக்கில் மட்டும் ஓட்டுங்கள். பள்ளத்துக்குத் தாளே வேண்டாம், வி உளியால் கடைசியாக ஒரு மெல்லிய ஓட்டம் விட்டால் போதும். அரக்குப் பாலிஷைத் துணிப்பந்தால் போட்டால் பள்ளத்துக்குள் எட்டாது. முதல் இரண்டு பூச்சு நன்றாக நீர்த்துத் தூரிகையால் கொடுங்கள், பள்ளத்தில் தேங்கியதை உடனே உலர்ந்த தூரிகையால் இழுத்துவிடுங்கள். அடுத்த பூச்சுகள் முகட்டில் மட்டும், துணியால். எல்லாம் காய்ந்ததும் அடர்நிற மெழுகு தடவி மேலே துடைத்தால் பள்ளத்தில் கொஞ்சம் மெழுகு தங்கும், வரி இன்னும் எடுப்பாகத் தெரியும். நான்கு காலுக்கும் மெழுகு ஒரே நாளில் போடுங்கள், நிறம் மாறாமல் இருக்கும்.